களிமண், உப்புத் தண்ணீர், மாமர நிழல்: தரையில் படர என்ன மூலிகை வைக்கலாம்?

களிமண்வீடு:
வணக்கம். வீடு பள்ளிக்கரணைப் பக்கம். பின்பக்கம் 400 சதுர அடி சும்மா கிடக்கிறது, அதில் பாதிக்கு மேல் மாமர நிழல். மண் சுத்தக் களி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கனமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வடியாது. போர் தண்ணீர் உப்பு, டி.டி.எஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 1900. கொரியன் புல் போட்டதில் மரத்தடியில் பிடிக்கவே இல்லை, வெயில் பக்கம் இருந்ததும் சித்திரையில் கருகிவிட்டது. சிமெண்ட் போட்டு மூடு என்கிறார்கள் வீட்டில், எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்குத் துவையலுக்கு ஆகுமே என்று முழுக்க வல்லாரை விட்டுவிடலாமா? வேறு யோசனை இருந்தாலும் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
முழுக்க வல்லாரை வேண்டாம் தம்பி. அதற்கு வேர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், உங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகி நிற்கும். மழைக்காலத்தில் அமோகமாக இருக்கும், பங்குனியில் போய்ச் சேரும். ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம் இருக்கிறதா? அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது, குழாயை நீட்டி ஒரு பாத்தியில் விட்டு அங்கே மட்டும் வல்லாரை வையுங்கள், துவையலுக்கு அது போதும். ஆர்.ஓ மெஷினில் கழியும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

வெயில் பக்கத்துக்கு என்னைக் கேட்டால் பொடுதலைதான். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்குமே, அதே செடி. களி, உப்பு, தேங்கும் நீர், காய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கும், நடமாட்டத்தையும் ஓரளவு பொறுக்கும். கடும் கோடையில் பழுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். கணுவுக்குக் கணு வேர் விடுகிற செடி என்பதால் நாலைந்து கணு உள்ள தண்டாக வெட்டி அரை அடி இடைவெளியில் படுக்கவைத்து மண் தள்ளினால் போதும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சவும் ஆகும்.

போர் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கக் கூடாது. தெளித்தது ஆவியாகிப் போய் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். நாள் விட்டு நிறைய ஊற்றுங்கள், இலையில் படாமல். மழைக்காலத்தில் ஒரு வெள்ளம் வந்தால் சேர்ந்த உப்பு பெரும்பாலும் கழுவிப் போய்விடும், அந்த வகையில் உங்கள் ஊர் மழை நல்லதுதான் செய்கிறது.

வரப்பு:
அக்கா சொன்ன பொடுதலைக்கு நானும் ஓட்டு. ஆனால் அது எல்லை தெரியாத செடி, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டம் வைத்திருந்தால் நடுவில் செங்கல் வரிசை புதைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் முர்ரே டார்லிங் ஆற்றுச் சமவெளியில் இதற்கு நெருங்கிய சொந்தமான வேறொரு இனத்தைக் களையாகப் பாவித்துப் படாத பாடு படுகிறார்கள். பொடுதலை நம் மண்ணுக்குச் சொந்தச் செடி, அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டால் பாதிப் பேர் வெடிலியாவை எடுத்து நீட்டுவார்கள். பூ இரண்டுக்கும் மஞ்சள், அதனால் ஏமாறுவது சுலபம். இலையைப் பாருங்கள்: வெடிலியா இலை பளபளவென்று இருக்கும், ஓரத்தில் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும். வெடிலியா மத்திய அமெரிக்கச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது, மூலிகை என்று நம்பி அதைக் கீரையாகச் சமைத்துவிடவும் கூடாது. சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கிற உங்கள் ஏரியாவில் அதை விட்டால் கேட்கவே வேண்டாம்.

களிமண்வீடு:
நல்ல நேரத்தில் சொன்னீர்கள், போன வாரம்தான் ஒரு நர்சரியில் அந்த மூன்று மடல் செடியை விலை கேட்டுவிட்டு வந்தேன். மரத்தடிக்கு என்ன செய்வது? அங்கே காரைத் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது, மாவிலை வேறு கொட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம், பொடுதலைப் பூவுக்குத் தேனீ வருமாமே, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

செம்பருத்தி:
தேனீ வரும், பட்டாம்பூச்சியும் வரும். பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் பூ வரும்போது மேலாகக் கத்தரித்துவிடுங்கள், அடர்த்தியும் கூடும்.

மரத்தடியைக் கொத்தவே கொத்தாதீர்கள், மாமரத்தின் தீனி வேர் மேலாகத்தான் இருக்கும். ஒரு அடி மண் கொட்டி உயர்த்தவும் கூடாது, வேர் மூச்சு முட்டிப் போகும். இரண்டு விரல் உயரத்துக்கு மக்கிய எரு போட்டு, வேர் இல்லாத சந்துகளில் மட்டும் நடுங்கள். மேடான ஓரத்தில் கற்பூரவல்லி வரும், அரை நிழலும் காய்ச்சலும் அதற்குச் சம்மதம், தண்ணீர் நின்றால் மட்டும் அழுகும். உப்பில்லாத தண்ணீர் கிடைத்தால் திப்பிலி, நிழலில் தரையோடு படரும் கொடி. இலை கொட்டுகிற மாதத்தில் வாரிவிடவில்லை என்றால் எந்தப் படர்கொடியும் மூச்சுத் திணறித்தான் போகும். மரத்தை ஒட்டிய மூன்று அடியைச் சும்மா விட்டு அந்தச் சருகையே மூடாக்காகப் பரப்புங்கள். எல்லா இடமும் பச்சையாக இருந்தே ஆக வேண்டுமா என்ன?

யாழ்க்கொல்லை:
எங்கட பக்கம் வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு குறைவு, அதனால் ஒன்று சொல்கிறேன். மழை வெள்ளம் வரும்போது கழிவுநீர்த் தொட்டி நிரம்பி அந்த இடத்தில் கலக்குமென்றால் அங்கே வளர்ந்ததைச் சாப்பிட வேண்டாம். வல்லாரை மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைக்கக்கூடியது, பச்சையாக அரைக்கிற இலை என்பதால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பொன்னாங்காணிக்கும் அதேதான். சாப்பிடுவதற்கானதை வெள்ளம் ஏறாத உயரத்தில் தொட்டியில் வையுங்கள், தரையில் இருப்பது தரையை மூடட்டும்.

வரப்பு:
சரியான பேச்சு. இன்னொன்று, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற மூலை ஏதாவது வருடம் முழுக்க ஈரமாக இருந்தால் அங்கே நீர்ப்பிரமி விடலாம், ஓரளவு உப்பும் பொறுக்கும்.

எதை நட்டாலும் முதலில் கோரையைப் பாருங்கள். கோரை இருக்கிற மண்ணில் எந்த மூலிகையும் அதை அமுக்காது, பொடுதலைக்கு நடுவில் முளைத்தால் பிடுங்குவதும் நரகம். மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள், விட்டுப்போனது மறுபடி தலை நீட்டும், ஒன்றிரண்டு மாதம் விடாமல் எடுத்த பிறகு நடுங்கள். ஆடி ஆவணியில் நட்டால் ஐப்பசி வெள்ளத்துக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். புரட்டாசி கடைசியில் நட்டால் முதல் பெருமழையிலேயே தண்டு மிதந்து போகும்.

களிமண்வீடு:
கோரை நிறையவே இருக்கிறது. இந்த வாரம் மண்வெட்டியோடு ஆரம்பிக்கிறேன், மரத்தடியைத் தொட மாட்டேன். தாம்பரம் வேளச்சேரிப் பக்கம் சுத்தமான இடத்துப் பொடுதலை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறேன்.