‘உச்ச வெப்பம்’ போதாது: காட்சிச் சில்லுகளுக்கு இரண்டு வரம்புகள் வேண்டும்

வணக்கம்.

திரையை இயக்கும், படம் வரையும் சில்லுகள் எவ்வளவு சூடு வரை போகலாம் என்பதற்குத் தமிழில் ‘உச்ச வெப்பம்’ என்று சொல்லலாம் என்ற உங்கள் பரிந்துரையைப் பார்த்தேன். சின்னச் சொல், வாயிலும் எளிதாக வருகிறது. இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. வெப்பத்தை ஜூலில் அளக்கிறோம், வெப்பநிலையை டிகிரியில். ஆகவே ‘வெப்பநிலை’ என்று திருத்திக்கொள்ளலாம், அது சின்ன விஷயம். என் கவலை ‘உச்ச’ என்பதைப் பற்றியது.

சில்லின் தரவுத்தாளை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பைத் திறந்தால் உச்சம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, சில்லு சொன்னபடி வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் உறுதி தரும் அளவு. மற்றது, தாண்டினால் சில்லே நிரந்தரமாகக் கெட்டுவிடலாம் என்று எச்சரிக்கும் அளவு. இவற்றுக்கு நடுவே இருக்கும்போது சில்லு செத்துவிடாது. ஆனால் திரையில் கோடு விழலாம், நிறம் பிசகலாம், படம் உறைந்து நிற்கலாம். இரண்டுக்கும் ‘உச்சம்’ என்றே எழுதினால், படிப்பவர் பெரிய எண்ணைப் பார்த்து அதுவரை ஓட்டலாம் என்று நம்பிவிடுவார்.

அதனால் முதலாவதை ‘இயங்குவரம்பு’ என்றும் இரண்டாவதைத் ‘தாங்குவரம்பு’ என்றும் சொல்லலாம். சுடுநீர், நிறைகுடம் போல இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘வரம்பு’க்குப் பதில் ‘எல்லை’ ஏன் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். எல்லை பிரிக்கிற கோடு. வரம்பு என்றால் வயல் வரப்பும்தான். நீரைத் தாங்கி நிற்கும், மீறினால் உடையும். இங்கே நடப்பது அதுதான்.

அப்புறம், எந்த இடத்து வெப்பநிலை என்பதும் பெயரில் வர வேண்டும். சிறிய ஓஎல்இடி திரைகளை இயக்கும் எஸ்எஸ்டி1306 சில்லுக்கு −40 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருக்கும். அது சூழல் வெப்பநிலை, அதாவது சில்லைச் சுற்றி இருக்கும் வெப்பநிலை. கணினியில் படங்களை உருவாக்கும் வரைகலைச் சில்லுகளுக்கு (ஜிபியு) சொல்லும் எண்ணோ பெரும்பாலும் சில்லுக்குள்ளே இருக்கும் உணரி (சென்சார்) காட்டுவது. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு சில்லு 2 வாட் செலவழிக்கிறது, வாட்டுக்கு 25 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சூழல் 45 டிகிரி என்றால் உள்ளே 95 டிகிரி. வெளியே விரல் வைத்துப் பார்த்தால் இது தெரியாது.

சில்லுக்குள்ளே இருக்கும் வெப்பநிலையைச் ‘சந்தி வெப்பநிலை’ (ஜங்ஷன் டெம்பரேச்சர்) என்றே சொல்வோம். ‘சந்தி’ என்றால் இலக்கணமும் தெருமுனையும் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு சரிதான். ஆனால் டையோடு பாடத்தில், இரண்டு வகைக் குறைகடத்திகள் சேரும் இடத்தைப் பி-என் சந்தி என்று படித்தவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஆக முழுச்சொல் ‘சந்தி இயங்குவரம்பு’, ‘சூழல் இயங்குவரம்பு’ என்று வரும்.

வரம்பை நெருங்கும்போது வரைகலைச் சில்லு தானே கடிகார வேகத்தை, அதாவது தான் வேலை செய்யும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு ‘வேகத்தணிப்பு’ போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மின்சாரம் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருக்கும் சில்லுக்கு வேறொரு வெப்பநிலை வரம்பு உண்டு. ‘வைப்புவரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன், வங்கி வைப்புத்தொகை போலத் தொனிக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.