கேரல் டான்வர்ஸ்: பெயர்கள் மாறினவா, பாத்திரம் வளர்ந்ததா?

செங்கதிர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2019இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்த பிறகுதான் கேப்டன் மார்வெல், அதாவது கேரல் டான்வர்ஸ், இடம்பெறும் காமிக்ஸ் இதழ்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 2012இல் கெல்லி சூ டிகானிக் எழுதத் தொடங்கிய வரிசையைத் தடையின்றிப் படிக்க முடிந்தது. அதற்கு முந்தைய இதழ்களுக்குள் நுழைந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. ஓர் இதழில் அவர் மிஸ் மார்வெல், வேறோர் இதழில் பைனரி, இன்னோர் இதழில் வார்பேர்ட். ஆற்றல்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சில இதழ்களில் ஆற்றலே இல்லை. எக்ஸ்-மென் கதைகளில் வரும் ரோக் என்பவருக்குள்ளும் இவருடைய நினைவுகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

இவர் சூப்பர் ஹீரோயினாகத் தோன்றியதை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது? இத்தனை பெயர் மாற்றங்களையும் ஒரு பாத்திரத்தின் வளர்ச்சி என்று கொள்ளலாமா, அல்லது எது விற்கும் என்று நிறுவனம் செய்து பார்த்த சோதனைகள் என்றுதான் கொள்ள வேண்டுமா? பழைய இதழ்களைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழுப்புத்தாள் (மறுமொழி)

நண்பரே, இந்தக் கதையைக் கேரலிடமிருந்து தொடங்கினால் விளங்காது. கேப்டன் மார்வெல் என்ற பெயரிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பெயர் முதலில் மார்வெல் நிறுவனத்துடையதே அல்ல. 1940இல் ஃபாசெட் நிறுவனம் அப்பெயரில் ஒரு நாயகனை அறிமுகப்படுத்தியது; அவன் சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர்; அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 1953இல் ஃபாசெட் அந்த நாயகனைக் கைவிடுவதில் முடிந்தது. கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பெயரை 1967இல் மார்வெல் நிறுவனம் எடுத்துக்கொண்டு, கிரீ என்னும் வேற்றுக்கிரக இனத்தின் போர்வீரனான மார்-வெல்லுக்குச் சூட்டியது. பெயரின் மீதான வணிக உரிமை நிலைக்க வேண்டுமானால் அந்தப் பெயரில் ஏதாவதொன்று அவ்வப்போது வெளிவந்துகொண்டே இருக்க வேண்டும். பின்னர் நடந்த பலவற்றுக்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம்.

மார்-வெல்லின் இரண்டாவது கதையில், 1968இல், ராய் தாமஸ் எழுத்திலும் ஜீன் கோலன் ஓவியத்திலும் கேரல் முதன்முதலாகத் தோன்றினார். அப்போது அவருக்கு எந்த ஆற்றலும் இல்லை. ராக்கெட் ஏவுதளத்தின் பாதுகாப்புத் தலைவர் என்ற பதவி இருந்தது. 1968ஆம் ஆண்டு அமெரிக்கக் காமிக்ஸில் ஒரு பெண் பாத்திரத்துக்கு அது சிறிய பதவியன்று. ஆனால் கதை அவரை நடத்திய விதத்தில் அந்தப் பதவியின் சுவடே தெரிவதில்லை. கடத்தப்படுவதும் மீட்கப்படுவதுமே அவருடைய வேலையாயின. 1969இல் கிரீ இயந்திரம் ஒன்று வெடித்தபோது மார்-வெல் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதோடு, ஏறக்குறைய அவர் கதையிலிருந்தே காணாமல் போனார்.

1977இல் ஜெரி கான்வேயும் ஜான் புஸேமாவும் மிஸ் மார்வெல் இதழைத் தொடங்கியபோது, அந்த வெடிப்பையே பிறப்புக் கதையாக மாற்றினர். இயந்திரத்தின் கதிர்வீச்சு மார்-வெல்லின் உடற்கூற்றைக் கேரலின் உடலில் கலந்துவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே, பாத்திரத்துக்கு 1968, சூப்பர் ஹீரோயினுக்கு 1977 என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பெண்ணுரிமை இயக்கம் வலுத்திருந்த காலம் அது. இதழும் அதை மறைக்கவில்லை. டெய்லி பியூகிள் நாளேட்டின் ஜேம்சன், தாம் தொடங்கும் பெண்கள் இதழுக்குக் கேரலை ஆசிரியராக அமர்த்துகிறார். சமையலும் அழகுக் குறிப்பும் போதும் என்று அவர் சொல்ல, அப்படிப்பட்ட இதழைத் தாம் நடத்தப்போவதில்லை என்று கேரல் முகத்துக்கு நேராக மறுக்கிறார். அந்த ஒரு காட்சிக்காகவே முதல் இதழைப் படிக்கலாம். ஆனால் அதே இதழில், தாமே மிஸ் மார்வெல் என்பது கேரலுக்குத் தெரியாது. மயங்கி விழுந்த பிறகுதான் மற்றொருத்தி விழித்தெழுவாள். உடையும் மார்-வெல்லின் சீருடையில் வயிற்றுப் பகுதியை வெட்டி எடுத்ததுதான். தன்னுரிமை பேசும் பெண்ணுக்குத் தன் உடல்மீதும் நினைவின்மீதும் உரிமை இல்லாமற்போன இந்த முரணை, மூன்றாவது இதழிலிருந்து எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட் சிறிது சிறிதாகச் சரிசெய்தார். இரண்டு மனங்களை ஒன்றாக்கினார். மகன்களை மட்டுமே கல்லூரிக்கு அனுப்ப நினைத்த தந்தையை எதிர்த்து வீட்டைவிட்டு வெளியேறி விமானப்படையில் சேர்ந்தவர் என்ற முன்கதையையும் அமைத்தார். 1978இல் டேவ் காக்ரம் வரைந்த கறுப்பு உடை, மார்-வெல்லின் நிழலிலிருந்து அவரைப் பார்வைக்கும் விலக்கியது. ஆனால் 1979இல், 23ஆம் இதழோடு வரிசை நின்றுவிட்டது.

அதன் பிறகு வந்தது, கேரலும் இடம்பெற்ற அவெஞ்சர்ஸ் என்னும் சூப்பர் ஹீரோ குழுவின் 200ஆம் இதழ், 1980இல். மார்க்கஸ் என்பவன் கேரலைக் காலத்துக்கு அப்பாற்பட்ட ஓரிடத்துக்குக் கடத்தி, இயந்திரத்தின் உதவியால் அவர் மனத்தை மாற்றிக் கருவுறச் செய்து, அந்தக் கருவிலிருந்து தானே பிறந்து வருகிறான். அவனோடு போவதாகக் கேரல் சொல்ல, தோழர்கள் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள்! நான்கு பேரின் பெயரைத் தாங்கி வந்த அக்கதையை, வன்புணர்வைக் காதலாகச் சித்திரிக்கும் கதை என்று அப்போதே வாசகர்கள் கண்டித்து எழுதினர். 1981இல் அவெஞ்சர்ஸ் ஆண்டு மலரில் கிளேர்மான்ட் அதற்கு விடை எழுதினார். தம்மைப் பார்க்க வந்த தோழர்களிடம், தம் மனம் தம் வசத்தில் இல்லை என்பதை அவர்களில் ஒருவர்கூட ஏன் ஐயுறவில்லை என்று கேரல் கேட்கிறார்; யாரிடமும் பதில் இல்லை. ஒரு நிறுவனத்தின் பாத்திரம் அதே நிறுவனத்தின் முந்தைய கதையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நிகழ்வாக இதைக் கருதுகிறேன். என் கணக்கில் கேரல் முழுமையான பாத்திரமானது அந்தப் பக்கங்களில்தான்.

வான்தடம் (மறுமொழி)

பழுப்புத்தாள் அவர்கள் தந்த வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். 1981ஆம் ஆண்டு மலர் நேர்மையான கதைதான். ஆனால் கேரலுக்கு அது என்ன செய்தது என்று பாருங்கள். ரோக் முதன்முதலாகத் தோன்றுவது அந்த மலரில்தான். கேரலைத் தாக்கி, அவருடைய ஆற்றலையும் நினைவுகளையும் நிலையாகப் பறித்துக்கொள்வதே அவளுடைய முதற்செயல். எக்ஸ்-மென் குழுவை நடத்தும் பேராசிரியர் சேவியர் பின்னர் நினைவுகளை மீட்டுத் தருகிறார். அந்த நினைவுகளோடு இணைந்திருந்த உணர்ச்சிகள் திரும்பி வருவதில்லை. தம் தாயின் முகம் நினைவில் இருக்கிறது, அந்த முகத்தின் மீதிருந்த பாசம் இல்லை என்னும் நிலை மிக வலிமையான கதைக்கருவாகும். அதைக் கேரலின் கதையாகத் தொடர்ந்து எழுதியிருந்தால் நான் உங்கள் கட்சிக்கு வந்திருப்பேன்.

அவ்வாறு நடக்கவில்லை. 1982இல் விண்வெளியில் பிரூட் இனத்தாரின் சோதனையால் அவருக்கு விண்மீனுக்கு நிகரான ஆற்றல் கிடைத்து, பைனரி என்ற பெயரும் வந்தது. மறு ஆண்டு எக்ஸ்-மென் 171ஆம் இதழில், ரோக்குக்குச் சேவியர் அடைக்கலம் கொடுத்திருப்பதைக் கண்டதும், ஒரே குத்தில் அவளைக் கூரையைப் பிளந்துகொண்டு பறக்கச் செய்கிறார். (இந்தக் காட்சியில் மகிழாத வாசகரை நான் சந்தித்ததில்லை.) ஆனால் அந்த இல்லத்தில் தங்குபவள் ரோக், வெளியேறுபவர் கேரல். அதன்பின் நீண்ட காலம் அவர் விண்வெளிக் கொள்ளையரோடு திரிய, பூமியில் இருந்த வாசகர்களுக்கு ரோக்கின் தலைக்குள் ஒலிக்கும் குரலாகவே எஞ்சினார். ரோக் என்னும் அருமையான பாத்திரத்தின் குற்ற உணர்வுக்குக் கேரல் உரமானார். இதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

பெயரின் கதையும் இதே காலத்தில் வேறு பக்கம் திரும்பியது. 1982இல் மார்-வெல் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் கேப்டன் மார்வெல் பட்டம் கேரலுக்கு வராமல், மோனிகா ராம்போ என்ற புதிய கறுப்பினப் பாத்திரத்துக்குச் சென்றது. மோனிகா அவெஞ்சர்ஸ் குழுவுக்குத் தலைமையும் தாங்கினார். 2012இல் கேரல் ஏற்ற பட்டத்தை அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் சுமந்தார் என்பதைத் திரைப்பட வாசகர்கள் பலர் அறிவதில்லை.

என் பார்வையில் திருப்பம் 1998இல் வந்தது. பைனரி ஆற்றல் குன்றிய நிலையில் கேரல் வார்பேர்ட் என்ற பெயரோடு அவெஞ்சர்ஸ் குழுவுக்குத் திரும்புகிறார், தம் ஆற்றல் குறைந்ததைத் தோழர்களிடம் மறைக்கிறார், குடிக்கிறார், போர்க்களத்தில் தவறு செய்கிறார். குழுவின் விசாரணைக்கு முன் நின்றபோதும் ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பதவியை விட்டு விலகுகிறார். எழுதியவர் கர்ட் பியூசிக். அதே காலத்தில் அயர்ன் மேன் இதழையும் அவரே எழுதியதால், அவ்விதழின் நாயகனும் முன்பே குடியில் வீழ்ந்து மீண்டவருமான டோனி ஸ்டார்க்கைக் கேரலுக்குத் துணையாக நிறுத்த முடிந்தது. அதுவரை கேரலுக்கு நேர்ந்தவையெல்லாம் பிறர் செய்தவை: வெடிப்பு, மார்க்கஸ், ரோக், பிரூட். முதன்முறையாக அவரே தவறு செய்து, அவரே அதிலிருந்து மீள வேண்டிய கதை இதுதான். பிற்காலக் கேரலிடம் நாம் காணும் பிடிவாதமும் வீம்பும், தோற்றதை ஏற்காத குணமும் இங்கே வேர் கொண்டவை.

செங்கதிர்

இருவருக்கும் நன்றி. இரண்டு விடைகளையும் படித்த பிறகு மேலும் ஓர் ஐயம் எழுகிறது. பாத்திரம் 1981இலோ 1998இலோ உருவாகிவிட்டது என்றால், 2012இல் நடந்தது வெறும் பெயர்ச் சூட்டுவிழாதானா? அத்துடன், 2018இல் அவருடைய பிறப்புக் கதையை மீண்டும் மாற்றினார்களே, அதற்குத் தேவை இருந்ததா?

மூன்றாம் படி (மறுமொழி)

பெயர் சூட்டுவதற்கு முன்பே அதற்கான ஏக்கத்தை விதைத்துவிட்டார்கள். 2005இல், ஸ்கார்லெட் விட்ச் உலகையே மாற்றியமைக்கும் ஹவுஸ் ஆஃப் எம் கதையில், அந்த மாற்று உலகின் மிகப் பெரிய நாயகியாகக் கேப்டன் மார்வெல் என்ற பெயரோடு கேரல் வாழ்கிறார். உலகம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் அந்த நினைவு அவரை விட்டுப் போகவில்லை. தம்மால் எட்டக்கூடிய உயரத்தைப் பார்த்துவிட்டு, எட்டாத வாழ்க்கைக்குத் திரும்பிய ஒருவரின் கதையாகவே 2006இல் பிரையன் ரீட் எழுதிய மிஸ் மார்வெல் வரிசை தொடங்கி, 50 இதழ்கள் வரை சென்றது. 2012இல் பெயரை ஏற்கும்படி கேப்டன் அமெரிக்கா வற்புறுத்தும்போது கேரல் தயங்குவதற்கு அழுத்தம் தருவது இந்த முன்கதைதான்.

டிகானிக் செய்தவற்றில் இரண்டு எனக்கு முக்கியமானவை. அவர் கேரலை மீண்டும் விமானியாக்கினார். தொடக்கக் கதையிலேயே பழைய பெண் விமானிகளின் உலகத்துக்கு அவரைக் காலப்பயணமாக அனுப்பி, 1969ஆம் ஆண்டின் வெடிப்புக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார். மற்றொன்று உடை. நீச்சலுடை போன்ற பழைய ஆடைக்குப் பதிலாக, ஜேமி மெக்கெல்வி வடிவமைத்த, உடலை முழுவதும் மூடும் சிவப்பு நீலச் சீருடை வந்தது. அதைத் தாமே தைத்து அணிந்துகொண்டு, கேரல் கோர் என்று தம்மை அழைத்துக்கொண்ட வாசகியர் கூட்டம் ஒன்று உருவானது. வானில் போரிடும் ஒருத்தி அணியத் தகுந்தது என்று பார்த்தவுடன் தோன்றும் உடை அவருக்குக் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின.

காலியாக இருந்த மிஸ் மார்வெல் பெயரை 2014இல் கமலா கான் ஏற்றார். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண். கேரலின் தீவிர ரசிகை. ஆற்றல் கிடைத்ததும் அவள் முதலில் உருமாறுவது பொன்னிறக் கூந்தலும் பழைய கறுப்பு உடையும் கொண்ட கேரலாகத்தான். அந்த உடை எவ்வளவு சங்கடமானது என்பதையும் அவளே அணிந்து கண்டுகொள்கிறாள். சனா அமனத், ஜி. வில்லோ வில்சன், ஏட்ரியன் அல்போனா ஆகியோர் உருவாக்கத்தில் பங்கேற்ற அந்த வரிசையின் முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது. மார்-வெல்லின் நிழலாகப் பிறந்த கேரல், தாமே ஒருத்திக்கு முன்மாதிரியாகிவிட்டார். பெயர்ச் சூட்டுவிழா மட்டும் இதைச் செய்திருக்க முடியாது.

2018ஆம் ஆண்டின் மாற்றத்தை நான் ஏற்கவில்லை. மார்கரெட் ஸ்டோல் எழுதிய அக்கதையில், கேரலின் தாயே கிரீ இனத்தவர். ஆற்றல் பிறப்பிலேயே இருந்தது. வெடிப்பு அதை எழுப்பியது, அவ்வளவே. மார்-வெல் தந்த கொடை என்னும் பழைய குறையை நீக்க வந்தவர்கள், தந்தையை எதிர்த்துத் தம் முயற்சியால் விமானியான பெண்ணைக் குருதி வழி வந்த வீராங்கனையாக்கிவிட்டனர். அடுத்த ஆண்டு வந்த திரைப்படம் இதே சிக்கலை எளிதாக அவிழ்த்தது: எதிரியின் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக இயந்திரத்தைக் கேரலே சுடுகிறார், வெடிப்பு அவருடைய செயலாகிறது.

பழுப்புத்தாள்

திரைப்படத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஸ்டோலுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: ஐம்பது ஆண்டுகளாகக் கேரலின் குடும்பம் என்றால் கண்டிப்பான தந்தையும் வியட்நாமில் இறந்த சகோதரனும்தான், தாய்க்கென்று ஓர் உருவத்தை அந்தக் கதைதான் கொடுத்தது. வான்தடம் அவர்களே, 1998ஐப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கப் போவதில்லை. விசாரணையில் தோழர்களை நம்பாமல் அவர் விலகியது ஏன் என்பதற்கு விடை மட்டும் 1981இல்தான் இருக்கிறது.

செங்கதிர் அவர்கள் பழைய வரிசையைப் படிப்பதானால் ஒன்றைக் கவனிக்கவும். 1979இல் நின்றுபோன வரிசைக்காக எழுதப்பட்ட 24ஆம், 25ஆம் கதைகள் அப்போது வெளிவரவில்லை. 1992இல்தான் மார்வெல் சூப்பர்-ஹீரோஸ் என்ற இதழில் அச்சேறின. ரோக்குடன் நடந்த அந்தப் போர் ஆண்டு மலரில் பின்னோக்கிய நினைவாகவே வந்து போகிறது. அதன் முழு வடிவத்தை அந்த 1992ஆம் ஆண்டு இதழ்களில் பார்க்கலாம். ஆகவே 23ஆம் இதழை முடித்ததும் இவ்விரண்டையும் படித்துவிட்டு, அதன் பிறகு அவெஞ்சர்ஸ் 200க்கும் ஆண்டு மலருக்கும் செல்லுங்கள்.