கல் மேடையில் ஜாயிண்ட்: உங்கள் வீட்டில் எப்படி அமைந்தது?

செந்தூல், கோலாலம்பூர்

எங்கள் கொண்டோவில் சமையல் மேடை எல் வடிவம், நீளப் பக்கம் 11 அடி. இரண்டு கல் சேரும் ஜாயிண்டே தெரியக்கூடாது, ஒரே கல்லாகப் போடுங்கள் என்று கேட்டேன். அளவெடுக்க வந்தவர் அடுப்படிக்குள் நுழையும் முன்பே லிஃப்டை அளந்துவிட்டார். குவார்ட்ஸ் (கல்தூளில் பிசின் கலந்து செய்யும் செயற்கைக் கல்) பலகை பெரும்பாலும் 3.2 மீட்டர் நீளம்தான், அதுவும் எங்கள் லிஃப்டில் ஏறாது என்றார். சரி, ஜாயிண்ட் வரத்தான் போகிறது, எங்கே வரும் என்பதுதான் பேச்சு.

முதல் வரைபடத்தில் அதைச் சிங்கின் நடுவில் போட்டிருந்தார்கள். அங்கே முன்னும் பின்னும் சில அங்குலக் கல்தான் மிஞ்சும், அதனால் கோடு கண்ணில் படாது என்பது அவர்கள் கணக்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேடையில் மிக மெல்லிய இடம் அதுதான், நாள் முழுக்க ஈரம் வேறு. கடைசியில் மூலைக்கு மாற்றினார்கள். கல்லை வெட்டுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள், பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது.

பொருத்திய நாளில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இரண்டு துண்டையும் பசை இல்லாமல் சேர்த்து வைத்து, கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்தார். நகம் தட்டிய இடத்தில் அடியில் சின்னத் தக்கை கொடுத்தார். ஓரங்களை அசிட்டோனால் துடைத்தார். உடைந்த டைல் ஒன்றின் மேல் எப்பாக்ஸிப் பசையைக் குழைத்து, நிறத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, மிச்சக் கல்துண்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். உறிஞ்சுகப்பு வைத்த கருவியால் இரண்டையும் இழுத்து நெருக்கியபோது கோடு நெடுகப் பசை பிதுங்கி வந்தது. அப்படி வந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தமாம். அது ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடைப் படுக்கவைத்துச் சீவி எடுத்தார். இப்போது கோடு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அக்கா சொன்னது சரி. என் பிழைப்பே கல் வேலைதான், அதனால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பாலியஸ்டர் பசை நம் ஊர் வெயிலுக்குச் சில நிமிடத்தில் இறுகிவிடும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காயும்போது சுருங்கும், வெள்ளைக் கல்லில் நாளடைவில் மஞ்சளாகத் தெரியும். எப்பாக்ஸிக்குப் பொறுமை வேண்டும், பிடிப்பு அதிகம். அப்புறம், குவார்ட்ஸில் ஜாயிண்டை வீட்டிலேயே தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் பிசின் கலந்திருக்கிறது, தேய்த்த இடம் விளக்கு வெளிச்சத்தில் மங்கலாகத் தனியே தெரியும். கிரானைட் என்றால் ஓரளவு தேய்க்கலாம். ஆந்திராவிலிருந்து வருகிற பிளாக் கேலக்ஸி மாதிரிப் பொன்புள்ளிக் கருப்புக் கல்லில் கோடு தானாகவே மறைந்துவிடும்.

இன்னொன்று, பால்கனியில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் அறுக்க விடாதீர்கள். குவார்ட்ஸ் தூளில் சிலிக்கா மிக அதிகம், அறுக்கிற பையன்களின் நுரையீரல் போய்விடும். ஆஸ்திரேலியாவில் இதனாலேயே 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லுக்குத் தடை. எங்கள் பட்டறையில் ஈர வெட்டு மட்டும்தான். குழாய்த் துளை போடுவதானாலும் தண்ணீர் விட்டுத்தான் போடுவோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அம்மா வீட்டில் நடந்தது வேறு. பொருத்தியபோது கோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிங்குக்குக் கீழே ஒழுகி, மரப்பலகை ஊறி, கேபினெட்டின் ஒரு கால் இறங்கிவிட்டது. கல்லும் ஒரு பக்கம் தாழ்ந்து, பசை விட்டுப்போனது. அந்தப் பக்கத்தில்தான் அம்மா இடிகல்லை வைத்து மிளகும் பூண்டும் இடிப்பார். இடுக்கில் மஞ்சள் புகுந்து கோடு பளிச்சென்று தெரிந்தது. போட்டவர்கள் பசையை மட்டும் மேலே தடவிவிட்டுப் போனார்கள், தீபாவளிக்குள் மறுபடி திறந்துகொண்டது. பிறகு வேறொருவர் வந்து ஊறிய பலகையை மாற்றி, காலை மட்டமாக்கி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக நிரப்பினார். அப்போதுதான் நின்றது.

பினாங்கு அண்ணே, பசையில் ஏறிய மஞ்சள் கறையைச் சுரண்டாமல் எடுக்க வழி உண்டா? எங்கள் வீட்டு மேடையிலும் லேசாகத் தெரிகிறது.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

மேலோட்டமான கறை என்றால் பாத்திரம் கழுவும் சோப்பையே வெந்நீரில் கலந்து, மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே இறங்கியிருந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும். குவார்ட்ஸ் என்றால் பிளீச் ஊற்றி ஊறவைக்காதீர்கள், கல்லின் பளபளப்பே போய்விடும்.