லீவிட் 'கண்டுபிடித்தார்' என்று எழுதலாமா? பலகை வாசகம் பற்றிய விவாதம்

கன்னியா:
திருகோணமலை உயர்தர மாணவருக்கான 'பௌதிகவியலிலும் கணிதத்திலும் பெண்கள்' பலகைகளில் நோதர், மைட்னர், வூ மூவருக்கும் வாசகம் முடிந்துவிட்டது. ஹென்றியேற்றா லீவிட் (1868–1921) பலகையில்தான் இழுபறி. "செபீட் வகை மாறொளி நட்சத்திரங்களின் ஆவர்த்தன காலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்" என்று எழுதியிருக்கிறேன். (செபீட் என்பது ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம், அந்த இடைவெளிதான் ஆவர்த்தன காலம்.) 'கண்டுபிடித்தார்' வேண்டாம், 'அளந்தார்' போதும் என்கிறார் உவர்மலை அண்ணை. காரணத்தை எல்லாரும் பார்க்க இங்கேயே எழுதுங்கோ.

உவர்மலை:
எழுதுகிறேன் ரீச்சர். லீவிட் பார்த்த வானப் படங்கள் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகம் பெரூவின் அரெக்கிப்பாவில் வைத்திருந்த 24 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்தவை. லீவிட் மணிக்கு 30 அமெரிக்கச் சதச் சம்பளத்துக்குக் கண்ணாடித் தட்டுகளில் புள்ளிகளை அளந்தார். இந்தத் தொடர்பை வரைபாகக் காட்டி 1912இல் வந்த, வானாய்வகத்தின் 173ஆம் சுற்றறிக்கையில் இருப்பது இயக்குநர் பிக்கரிங்கின் கையொப்பம். அந்த வரைபைத் தூரம் அளக்கும் கோலாக்க முதலில் முயன்றவர் 1913இல் வானியலாளர் ஹெர்ட்ஸ்பிரங். 1923இல் அன்ட்ரொமீடா விண்மீன் மண்டலத்தில் (galaxy) செபீட்டைக் கண்டு அந்தக் கோலைப் பயன்படுத்தியவர் வானியலாளர் ஹபிள். பெண் என்பதற்காக ஒருவருக்குக் கூட்டி எழுதினால், கேள்வி கேட்கிற பிள்ளை மற்றப் பலகைகளையும் நம்பாது.

கன்னியா:
கூட்டி எழுதக்கூடாது என்பதில் எனக்கும் அதே கருத்துத்தான். ஆனால் அந்தச் சுற்றறிக்கையின் முதல் வரியே, கீழுள்ளதைத் தயாரித்தவர் லீவிட் என்று சொல்கிறது. அதற்கு நான்கு வருடம் முந்தியே, 1908இல், மகெல்லன் முகில்களில் (எங்கள் பால்வீதிக்கு அருகிலுள்ள இரண்டு சிறிய நட்சத்திரக் கூட்டங்கள்) 1777 மாறொளி நட்சத்திரங்களைத் தன் பெயரிலேயே பட்டியலிட்டுவிட்டார். அதில் 16க்கு ஆவர்த்தன காலம் கணித்து, பிரகாசமானவற்றுக்குக் காலம் நீளமாக இருப்பதைக் கவனிக்கவேண்டும் என்று எழுதியும் வைத்தார். அளக்க மட்டும் வந்தவர் இதை எழுதமாட்டார்.

வேலையும் லேசானதில்லை. தட்டு நெகற்றிவ், நட்சத்திரம் அதில் கறுப்புப் புள்ளி. ஓர் இரவின் தட்டிலிருந்து பொசிற்றிவ் எடுத்து இன்னோர் இரவின் நெகற்றிவ்மேல் பொருத்தினால், மாறாத நட்சத்திரம் ஒன்றையொன்று மறைத்துவிடும். மாறியது மட்டும் விளிம்பு ஒட்டாமல் துருத்தும். அப்படிப் பிடித்த ஒவ்வொன்றையும் பல தட்டுகளில் தேடி அளந்து காலம் கணிக்கவேண்டும்.

உவர்மலை:
1908 வரியை ஏற்கிறேன், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த முகிலை அளந்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். காலம், பிரகாசம் என்று இரண்டு நிரலை அருகருகே வைத்தால் போதுமே.

நிலாவெளி:
அண்ணை, அங்கேதான் பிழை. நிரலை எந்த நட்சத்திரங்களுக்குப் போடுகிறீர்கள்? துருவ நட்சத்திரமும் செபீட்தான்: காலம் ஏறத்தாழ 4 நாள், பருமன் (பிரகாசத்தைக் காட்டும் எண், சின்னதுதான் பிரகாசம்) 2. கழுகு மண்டலத்து ஈட்டா என்ற செபீட்: காலம் 7.18 நாள், பருமன் 3.5க்கும் 4.4க்கும் இடையில். காலம் குறைந்தது பிரகாசமாகத் தெரிகிறது, விதி தலைகீழ்! ஈட்டா ஏறத்தாழ இரு மடங்கு தூரத்தில் இருப்பதுதான் காரணம். முகிலில் இருப்பவை எல்லாம் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம், ஆகவே அங்கே தெரியும் வேறுபாடு உண்மையான ஒளிர்வின் வேறுபாடு. இந்த நியாயத்தை அந்த 1912 சுற்றறிக்கையில் எழுதியது லீவிட். இதுதான் கண்டுபிடிப்பு.

இன்னொன்று வரைபு. 25 நட்சத்திரங்கள், காலம் 1.25 நாளிலிருந்து 127 நாள்வரை. நாளை நேரடியாக அச்சில் போட்டால் பெரும்பாலான புள்ளிகள் இடது மூலையில் குவிந்து வளைகோடு வரும். காலத்தின் மடக்கையைப் போட்டால் நேர்கோடு: ஒரு பருமன் பிரகாசம் கூட மடக்கை 0.48 கூடும். இரண்டு வரைபையும் பிள்ளைகளே கீறட்டும். அதோடு ஈட்டாவை வானத்திலும் பார்க்கச் செய்யலாம்.

உவர்மலை:
துருவ நட்சத்திரத்தின் உதாரணம் சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து விதி வராது தங்கச்சி. பலகையில் அப்படி ஓர் எண்ணம் வந்துவிடக்கூடாது.

நிலாவெளி:
வராது. ஒரு காலத்தைக் கணிக்க எவ்வளவு பாடு என்பதுதான் விளங்கும். திருவோணத்தின் மூன்று வெள்ளிகளில் நடுவிலுள்ளது செப்டெம்பர் முதல் வாரம் இரவு 9 மணியளவில் திருமலையில் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதிலிருந்து தெற்கே 8 பாகை, நீட்டிய கையின் முட்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கே ஈட்டா. ஒப்பிட அதே மண்டலத்தில் மாறாத இரண்டு: பீட்டா 3.7, ஐயோட்டா 4.4. பீட்டாவுக்கும் ஐயோட்டாவுக்கும் உள்ள இடைவெளியில் ஈட்டா பீட்டாவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மங்கல் என்று பட்டால் 3.9 என்று எழுதவேண்டும். பாய் விரித்துப் படுத்துப் பார்க்கவேண்டும், கழுத்து வலித்தால் கணிப்பும் கெடும். நேற்று எழுதியதைக் காட்டவே கூடாது, கை தானாக அதன் பக்கம் போகும். துறைமுக வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, நிலவு பெரிதாக உள்ள நாள்களை விட்டுவிடலாம். ஒக்டோபருக்குத் தள்ளினால் வாடைக்கால முகில் மூடிவிடும்.

பெரிய பொறி ஒன்று உண்டு. ரியூசன் இல்லாத ஞாயிறுகளில் மட்டும் பார்த்தால், 7 நாளுக்கும் 7.18 நாளுக்கும் வித்தியாசம் நாலு மணித்தியாலம் சொச்சம்தான். வாராவாரம் கிட்டத்தட்ட ஒரே நிலையில் பார்த்து, "இது மாறவே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அடுத்தடுத்த இரவுகள் வேண்டும், குறைந்தது 15. தேதியிலிருந்து 7.18இன் மடங்குகளைக் கழித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஏறி, ஏறத்தாழ ஐந்து நாளில் இறங்கும் வடிவம் கிடைக்கும்.

உவர்மலை:
அப்படியானால் 'கண்டுபிடித்தார்' இருக்கட்டும். 'அண்டத்தின் தூரத்தை அளந்தார்' என்று எங்கேயும் வரவேண்டாம். கோலின் பூச்சியம், அதாவது உண்மைத் தூரத்தோடு அதைப் பொருத்தும் தொடக்கப் புள்ளி, அவர் போட்டதில்லை. அது 1952வரை பிழையாகவே இருந்தது, செபீட்டில் இரு வகை என்று வானியலாளர் பாடே (Baade) காட்டியதும் அன்ட்ரொமீடாவின் தூரம் இரு மடங்கானது.

கன்னியா:
அந்த வசனம் வராது அண்ணை. வாசகம் இப்படி: "1908இல் கவனித்து, 1912இல் ஒரே தூரத்திலுள்ள 25 நட்சத்திரங்களைக் கொண்டு கண்டுபிடித்தார், அதைத் தூர அளவுகோலாக்கியவர்கள் பின்வந்தோர்." வரைபுத்தாளில் பருமன் அச்சு மேலே 11, கீழே 16 என்று தலைகீழாக இருக்கவேண்டும், சின்ன எண்தான் பிரகாசம். அச்சடிக்கக் கொடுக்கமுன் அதை நிலாவெளி ஒருக்கால் பார்த்துத் தாங்கோ.