ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'ஐ வாஸ் பார்ன், பட்...' படம்: உங்களை இன்னும் விடாத இடம் எது?

கடைசிவரிசை:
அப்பா தன் முதலாளிக்குப் பணிந்துபோவதைக் கண்டு மனம் உடையும் இரண்டு பையன்களின் கதை, நேராக அந்த இடத்துக்கு வருகிறேன். அந்த முதலாளி இவாசாகி வீட்டில் படம் ஓட்டுகிறார்கள். திரையில் அப்பா கண்ணை உருட்டி, முகத்தைக் கோணிக் கோமாளித்தனம் செய்கிறார். பெரியவர்கள் சிரிக்கிறார்கள், அவருடைய இரண்டு பையன்களும் சிரிக்கவில்லை. என் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை வாய்விட்டுச் சிரித்தவர் சட்டென்று அடங்கிவிட்டார். ஒரு கடையில் கணக்கெழுதி எங்களைப் படிக்கவைத்தவர் அவர். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அப்பா தோற்றுப்போனவர், படம் அதைத்தான் சொல்கிறது.

நிலாமுற்றம்:
எனக்கு மறுநாள் காலைதான். அப்பா மேல் கோபத்தில் பட்டினி கிடந்த பையன்களோடு அப்பாவும் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிடுகிறார். பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று சின்னவனிடம் கேட்கிறார். லெப்டினன்ட் ஜெனரலாம். ஏன், ஜெனரல் ஆகக்கூடாதா? அது அண்ணனுக்காம்! முந்தின இரவுதான் 'நீ ஏன் இவாசாகிக்குக் கும்பிடு போடுகிறாய்' என்று அப்பாவிடம் சண்டை போட்ட பிள்ளை. நானும் வீட்டில் இரண்டாவது. அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

பழையபுரொஜெக்டர்:
கடைசிவரிசை சொல்வதை ஏற்க முடியவில்லை. தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து 'என்னை மாதிரி ஆகிவிடாதீர்கள்' என்கிற மனிதர் எப்படித் தோற்றவர்? தன் நிலைமை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மறுநாளும் வேலைக்குப் போகிறார்.

என் மகள் பாதிப் படத்தில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கும் ஒரு இவாசாகி இருக்காரா?" இருக்கிறார் என்றேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளோடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்லவேண்டும். 1932-இல் வந்த மௌனப்படம்தானே என்று தயங்காதீர்கள். வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை நீங்களே குரல் மாற்றி வாசியுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் தியேட்டர்களில் பென்ஷி என்கிற கதைசொல்லி திரைக்குப் பக்கத்தில் இருந்து அதைத்தான் செய்தார். படம் ஒன்றரை மணி நேரம், பள்ளிக்கு மட்டம் போடும் பகுதி முடிந்ததும் ஒரு இடைவேளை விடலாம். 1959-இல் ஓசுவே எடுத்த 'ஓஹாயோ'வை முதலில் காட்டிவிடாதீர்கள். அது வண்ணப்படம், டிவி கேட்டுப் பேசாமல் அடம்பிடிக்கும் பையன்கள், குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடும். அப்புறம் இதற்குத் திரும்ப மாட்டார்கள். இந்தப் படத்தில் வரும், விரலை நீட்டினால் எதிரில் இருப்பவன் செத்து விழவேண்டும் என்ற விளையாட்டை வீட்டில் ஆடிப் பார்ப்பார்கள். நீங்களும் விழுங்கள்.