ஸ்கைரிம் 1.5.97 மாட் லிஸ்டை 1.6.1170-க்கு அப்படியே கொண்டுபோக முடியுமா?

கேள்வி

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், ஸ்டீம் காப்பி. பழைய கம்ப்யூட்டர்ல கேம் பதிப்பு 1.5.97, மாட்களை நிர்வகிக்கிற மாட் ஆர்கனைசர் 2, சுமார் 310 மாட் (கேமை மாத்துற கூடுதல் கோப்புகள்). புது மெஷின்ல இறக்கினா 1.6.1170 வருது. மாட் ஃபோல்டரையும் ப்ரொஃபைலையும் காப்பி பண்ணிட்டு, எஸ்கேஎஸ்இ (மாட்களுக்குக் கூடுதல் வசதி தர்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) மட்டும் 2.2.6 போட்டேன். கேம் திறக்கும்போது ஒரு பெட்டி வந்து லோட் ஆகாத 14 டிஎல்எல் (எஸ்கேஎஸ்இ வழியா ஓடுற மாட்களோட நிரல் கோப்பு) பேரைக் காட்டுது. "நோ" கொடுத்துத் தொடர்ந்தா மெனு வருது, ஆனா சேவ் லோட் ஆகும்போது கிராஷ். 140 மணி நேர சேவ். 1.5.97-க்கே இறங்கணுமா, இல்ல இதையே சரிபண்ணலாமா?

பதில் 1

முதல்ல ஒண்ணு: அந்தப் பெட்டி "கேமை விட்டு வெளியேறவா?"ன்னுதான் கேக்குது, "யெஸ்" கொடுங்க. "நோ" கொடுத்து உள்ளே போய் ஒரு தடவை சேவ் பண்ணிட்டா, லோட் ஆகாத டிஎல்எல்கள் எஸ்கேஎஸ்இ கோப்புல வச்சிருந்த தகவல் போயிடும். ஒவ்வொரு சேவுக்கும் .ஈஎஸ்எஸ், .எஸ்கேஎஸ்இ-ன்னு ரெண்டு கோப்பு. ரெண்டையும் சேர்த்து வேற டிரைவ்ல எடுத்து வச்சுட்டு வேலையைத் தொடங்குங்க.

310 மாட்டையும் திரும்ப இறக்க வேண்டாம். டெக்ஸ்சர், மெஷ், சாதாரண ஈஎஸ்பி (கேம் தகவலை மாத்துற ப்ளகின் கோப்பு) இதுக்கெல்லாம் கேம் பதிப்பு ஒரு பொருட்டே இல்ல. உடைவது டிஎல்எல் மட்டும்தான். ஒவ்வொரு பதிப்போட எக்ஸ்இ-யிலும் (கேமோட முக்கிய நிரல் கோப்பு) ஃபங்ஷன்கள் வேற வேற முகவரியில உக்காந்திருக்கு, பழைய டிஎல்எல் பழைய முகவரியைத் தேடிப் போகுது. 1.6.629-ல டேட்டா அமைப்பே சில இடங்கள்ல மாறினதால, 1.6-க்குன்னு வந்த ஆரம்பகால டிஎல்எல்லும் 1170-ல ஓடாது.

மாட் ஆர்கனைசர்ல வலது பக்கம் "டேட்டா" டேப், அதுல எஸ்கேஎஸ்இ, அதுக்குள்ள ப்ளகின்ஸ். அங்க ஒவ்வொரு டிஎல்எல்லும் எந்த மாட்ல இருந்து வருதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். அதோட பட்டியல்தான் உங்க வேலைப் பட்டியல். அட்ரஸ் லைப்ரரியை (ஃபங்ஷன் முகவரிகளை டிஎல்எல்களுக்குச் சொல்ற மாட்) முதல்ல மாத்துங்க. 1.5.97-க்கான கோப்பு "வெர்ஷன்-1-5-97-0"ன்னு தொடங்கும், 1.6-க்கானது "வெர்ஷன்லிப்-1-6-1170-0". பேர்ல "லிப்" இல்லைன்னா பழசு. இது ஒண்ணு தப்பா இருந்தாலே, சரியா புதுப்பிச்ச டிஎல்எல்லும் சேர்ந்து விழும்.

அடுத்து, கேமோட உள் பிழைகளைச் சரிபண்ற என்ஜின் ஃபிக்ஸஸ் மாட் ரெண்டு பகுதியா வரும். ரெண்டாவது பகுதி கேம் எக்ஸ்இ இருக்கிற ஃபோல்டர்லயே போகணும், மாட் ஆர்கனைசர் அதைப் பாத்துக்காது. மாட் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணினா இது கண்டிப்பா விட்டுப்போயிருக்கும். எஸ்கேஎஸ்இ-யோட ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரும் 2.2.6-ஓடதுதானான்னு பாருங்க. லோடரும் டிஎல்எல்லும் புதுசு, ஸ்கிரிப்ட் பழசுங்கிறது ரொம்ப சாதாரணமா நடக்கிற தப்பு.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த 14 டிஎல்எல்லில் ஒன்றையாவது அதன் ஆசிரியர் புதுப்பிக்காமல் விட்டிருந்து, அந்த மாட்டின் ஸ்கிரிப்ட் உங்கள் சேவில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த சேவை மேலே கொண்டுபோகாதீர்கள். பாதியில் பிடுங்கிய மாட்டின் ஸ்கிரிப்ட் சேவுக்குள் அனாதையாகக் கிடக்கும். உடனே எதுவும் தெரியாது, பத்து மணி நேரம் கழித்து க்வெஸ்ட் நகராமல் நின்றுவிடும். சேவ் கிளீனர் கொண்டு துடைத்தாலும் அது முழுத் தீர்வு இல்லை.

அப்படியானால் 1.5.97-க்கு இறங்கி, எஸ்கேஎஸ்இ 2.0.20 போட்டு, இந்தக் கதையை முடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தை 1170-இல் தொடங்குங்கள். ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸ் போய், "நான் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள்.

கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். அங்கே விண்டோஸ் எழுத்து அனுமதியைத் தடுப்பதால் வரும் பிழைகளை மாட் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவோர் ஏராளம்.

பதில் 3

1.5.97-ல தங்கினா இன்னொரு விஷயம் இடிக்கும். 2023 டிசம்பர்ல வந்த 1.6.1130-ல இருந்து ஒரு ஈஎஸ்எல் கோப்புக்குள்ள (லைட் ப்ளகின்) புது ரெக்கார்டுக்கான இடம் 2048-ல இருந்து 4096 ஆச்சு. இப்ப வர்ற மாட்கள் பலதுல ஹெட்டர் எண் 1.71-ன்னு இருக்கும். ப்ளகின் கோப்பைத் திறந்து பாக்கிற எக்ஸ்எடிட்ல ஃபைல் ஹெட்டரைத் திறந்தா முதல் வரிகள்லயே தெரியும். பழைய கேம் இதைச் சரியா படிக்காது. பேக்போர்ட்டட் எக்ஸ்டெண்டட் ஈஎஸ்எல் சப்போர்ட் மாட் போட்டாத்தான் படிக்கும். 1170-ல அது தேவையில்ல.

ப்ளகின் எண்ணிக்கை வரம்புக்காக யாரும் பதிப்பு மாத்த வேண்டியதில்ல. முழு ப்ளகின் 254 வரைதான், ஈஎஸ்எல் கொடி போட்டது 4096 வரை போகலாம், ரெண்டு பதிப்புலயும் இதேதான். ஆனா 140 மணி நேர சேவ் நடுவுல ஈஎஸ்பி-யை காம்பாக்ட் பண்ணி ஈஎஸ்எல் ஆக்கிடாதீங்க. ஃபார்ம் ஐடி (ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்குமான அடையாள எண்) மாறும், பையில இருக்கிற பொருள் மறையும். என்பிசி (கேமே நடத்துற பாத்திரங்கள்) முகக் கோப்புகளோட பேரே ஃபார்ம் ஐடிதான், அதனால அதையும் சேர்த்து மாத்தலைன்னா உடம்பு ஒரு நிறம், முகம் கரி பூசின மாதிரி வேற நிறம்னு ஆள் வந்து நிப்பாங்க. இன்னொரு மாட் அதை மாஸ்டரா (தான் சார்ந்திருக்கிற மூலக் கோப்பா) வச்சிருந்தா அதுவும் சேர்ந்து உடையும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ப்ரோ. டேட்டா டேப்ல பாத்தாச்சு. அட்ரஸ் லைப்ரரி பழசுதான், பேர்ல "லிப்" இல்ல. அதை மாத்தினதும் 14-ல 9 சரியாயிடுச்சு. மீதி அஞ்சுல நாலுக்குப் புதுசு கிடைச்சது. ஒண்ணுக்கு மட்டும் 1.5.97 கோப்புதான் இருக்கு. அது அம்பு விழும் வளைவை மாத்துற டிஎல்எல். ஈஎஸ்பி-யும் இல்ல, ஸ்கிரிப்ட்டும் இல்ல. எடுத்துடலாமா?

பதில் 1

எடுத்துடலாம். ஸ்கிரிப்ட்டும் ஈஎஸ்பி-யும் இல்லாத டிஎல்எல்லை நீக்கினா சேவுல சிக்கல் மிஞ்சாது. கிராஷ் விவரத்தைப் பதிவு பண்ற கிராஷ் லாகரோட 1170-க்கான கோப்பையும் போட்டுட்டு லோட் பண்ணிப் பாருங்க. திரும்ப விழுந்தா, டாக்குமெண்ட்ஸ்ல மை கேம்ஸ், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், எஸ்கேஎஸ்இ ஃபோல்டர்ல புது லாக் இருக்கும். அதை முழுசா இங்க ஒட்டுங்க, முதல் வரியை மட்டும் போடாதீங்க. எந்த மாட்னு பெரும்பாலும் கீழே வர்ற கால் ஸ்டாக்லதான் (கிராஷ் நேரத்துல ஓடிட்டிருந்த ஃபங்ஷன்களோட பட்டியல்) தெரியும்.