ஜாகா தாத்தாவின் பதக்கங்கள்: உங்கள் ஊரிலும் பழைய கடற்படைக்காரர் இருந்தாரா?

லயத்துப் பிள்ளை:
பேராக்கில் சித்தியவான் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆலை வாசலில் ஜாகா (காவல்) வேலை பார்த்தார் ஒரு தாத்தா. லுமுட் தளம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கடற்படையில் இருந்தவர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31, மலேசிய மாவீரர் நாளன்று, வெளுத்த காக்கிச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பார். எனக்குப் பதினோரு வயது. "தாத்தா, எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையும் கருஞ்சிவப்புமாக நாடா, அதன்மேல் 'மலாயா' என்று பொறித்த பட்டை. "விளிம்பைப் படி" என்றார். அவருடைய எண், பதவி, பெயர். "கடையில் வாங்கினால் பெயர் இருக்குமா, ஐயா?" என்னை 'ஐயா' என்றாரே, அதுதான் இன்னும் குத்துகிறது.

ஆயர் தாவார் மருமகன்:
அது பிரிட்டிஷ் பதக்கம். நம் நாட்டுப் பதக்கம் இல்லை. பெருமை என்றால் நம் அரசு கொடுத்ததைச் சொல்லுங்கள். என் பெரியப்பா, இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து மோதிய கொன்ஃப்ரொன்டாசி காலத்தில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் தளத்தில் இருந்தவர். பால் மரம் வெட்டிய எங்கள் தாத்தா, "கடலுக்குப் போகிறவன் திரும்ப மாட்டான்" என்று அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். 1967 டிசம்பரில் தனபாலசிங்கம் 31 வயதில் மலேசியக் கடற்படைத் தளபதியானார். தாத்தா அந்தப் பத்திரிகைப் படத்தை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். பெரியப்பா விடுமுறையில் வந்தபோது, "பசியாறினாயா?" என்றார். நான்கு ஆண்டுகளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

புந்தோங் அக்கா:
தம்பி, பிரிட்டிஷ் பதக்கம் என்று தள்ளாதீர்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. அப்போது நம் பையன்கள் எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும் காத்தது இந்தக் கரையைத்தான்.

என் தாத்தாவிடமும் அதே பதக்கம் இருந்தது. தீபாவளிக்கு முன் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். ஆண்டுக்காண்டு தேய்த்ததில் விளிம்பு எழுத்து மழுங்கிவிட்டது. இப்போது எண்ணைப் படிக்கவே முடியவில்லை.

வீட்டில் வைத்திருப்பவர்கள் கேளுங்கள். புளி, சாம்பல், பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். நாடா வெயிலில் வெளுக்கும், ஆகவே கண்ணாடிப் பெட்டியைச் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். நாடா நைந்தாலும் பழையதை எறியாதீர்கள். விளிம்பைப் பெரிதாகப் படம் எடுத்து வையுங்கள். ஒருவருக்குக் கிடைத்தவற்றைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். சேவைப் புத்தகம் இருந்தால் கூடவே வையுங்கள். இன்னொன்று, பதக்கம் பெற்றவர் இடது மார்பில் அணிவார். அவருக்காகப் பிள்ளைகள் அணியும்போது வலது மார்பில் குத்துவதே பழைய வழக்கம்.

லயத்துப் பிள்ளை:
அக்கா, எங்கள் தாத்தாவின் பிள்ளைகளிடம் இப்போது பிரிப்பதற்கும் ஒன்றுமில்லை. தோட்டம் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்தபோது மகள் எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டார். போன மாதம்தான் சொன்னார், சொல்லும்போதே அழுதார். விளிம்பில் இருந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பேராக்கில் யாரிடமாவது வெள்ளை, கருஞ்சிவப்பு நாடாவோடு ஒரு பதக்கம் இருந்தால் விளிம்பைப் படித்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.